யாளி டீசர்: ‘கேம் மாதிரி இருக்கு’ன்னா, எது சரியில்லை?

முதல்வரிசை மாறன்:
டீசர் மொத்தம் 70 நொடி. யாளி வர்றது மூணே ஷாட்ல. பாறை மேலேருந்து ஆத்துல குதிக்குது, தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு ஹீரோவை நோக்கி வருது, கடைசியா முகத்துக்கு ஒரு குளோசப். மூணையும் பார்த்தா தோணுறது ஒண்ணுதான்: வீடியோ கேம். ரிலீஸுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. தேதியைத் தள்ளிப் போட்டு எல்லாத்தையும் மறுபடி ரெண்டர் எடுக்கட்டும். யாளியோட மூஞ்சியையும் மாத்தட்டும். 2019 ஏப்ரல்ல சோனிக் (நீல முள்ளெலி ஹீரோவா வர்ற ஹாலிவுட் படம்) டிரெய்லரைப் பார்த்து ரசிகர்கள் கொதிச்சாங்க. உருவத்தையே மாத்தி, நவம்பர்ல வரவேண்டிய படத்தை 2020 பிப்ரவரிக்குக் கொண்டுபோனாங்க. அப்புறம் ஏன் இங்க வாயைத் திறந்தாலே ‘டீசரை வெச்சு முடிவு பண்ணாதீங்க’ன்னு பாடம் எடுக்குறீங்க?

சாம்பல்பந்து:
மாறன், குறை இருக்கிறது என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ‘மறுபடி ரெண்டர்’ என்பதில்தான் சண்டை. ரெண்டர் என்பது, செய்து முடித்த உருவத்தையும் அசைவையும் கம்ப்யூட்டர் படமாக வரைந்து தருவது, அவ்வளவுதான். அச்சுக்கோத்ததில் எழுத்துப்பிழை இருந்தால் எத்தனை தடவை அச்சடித்தாலும் பிழை அப்படியேதான் விழும். இன்னும் பெரிய அளவில் எடுத்தாலும் அதேதான்: 2கே என்றால் 2048×1080, 4கே என்றால் 4096×2160. புள்ளிகள் நாலு மடங்காகும். தப்பும் நாலு மடங்கு துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான்.

முதல் ஷாட்டைப் பாருங்கள். கரையில் நிற்கும் ஹீரோவின் உயரத்தை அளவாக வைத்தால் பாறை 5, 6 மீட்டர் வரும். யாளியின் கடைசிக் கால் பாறையை விட்டதிலிருந்து தண்ணீரைத் தொடும் வரை 12 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்பதால் அது அரை நொடி. அரை நொடியில் ஒரு பொருள் தானாக விழும் தூரம் சுமார் 1.2 மீட்டர். 6 மீட்டர் விழ 1.1 நொடி, அதாவது 26 அல்லது 27 ஃப்ரேம் வேண்டும். மேல்நோக்கி உந்திக் குதித்தால் இன்னும் கூடும். பார்க்கிறவர் யாரும் ஃப்ரேம் எண்ணுவதில்லை. ஆனால் மேசையிலிருந்து பூனை குதிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அந்த வேகம் கண்ணுக்குப் பழக்கம். அதே வேகத்தில் குதித்தால் அவ்வளவு பெரிய யாளியும் பூனையாகத்தான் தெரியும். உடம்பில் எத்தனை லட்சம் ரோமம் நட்டாலும் இந்தக் குறை போகாது. இது அனிமேஷனில் நடந்த தப்பு.

கடைசிரீல்:
கணக்கு அழகா இருக்கு. ஆனா யாரைக் காப்பாத்த இது? டீசருக்குப் போற ஷாட்டைத்தான் முதல்ல உட்கார வெச்சு மெருகேத்துவாங்க. அந்த மூணே இப்படின்னா மிச்சத்தை நினைச்சுப் பாருங்க.

இந்த மாதிரிப் படத்துல விஎஃப்எக்ஸ் ஷாட் 2000-ஐத் தாண்டுறது இப்ப சாதாரணம். சராசரியா ஒரு ஷாட்டுக்கு 4 நொடின்னு வைங்க, 96 ஃப்ரேம். மொத்தம் 1,92,000. ஒரு ஃப்ரேமை ரெண்டர் எடுக்க 10 மணி நேரம்னு வெச்சா, ஆயிரம் மெஷின் ராப்பகலா ஓடினாலும் 80 நாள். அதுவும் ஒரே ஒரு தடவை எடுத்தா. எந்த ஷாட் ஒரே தடவையில ஓகே ஆயிருக்கு? ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா ரெண்டர் எடுக்கிற 3டின்னா கிட்டத்தட்ட இரட்டிப்பு.

அதனால மாறன் கேட்க வேண்டியது ‘மறுபடி ரெண்டர்’ இல்ல. ‘பாதி ஷாட்டைத் தூக்குங்க’ன்னு கேட்கணும். 1993-ல வந்த ஜுராசிக் பார்க் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுற படம். அதுல கம்ப்யூட்டர்ல செஞ்ச டைனோசர் வர்றது சுமார் 6 நிமிஷம். மிச்ச இடத்துல பொம்மை, இயந்திரக் கழுத்து, இல்லேன்னா வெறும் சத்தம். குறைச்சலாத் தெரிஞ்சதுன்னு யாராவது சொன்னாங்களா?

கயல்_கம்ப்:
ரீல் அண்ணா, டீசர் ஷாட்டை முதலில் கேட்பார்கள் என்பது சரி. ஆனால் முதலில் கேட்பது வேறு, முதலில் முடிவது வேறு. டீசர் தேதிக்காகப் பாதி வேலையில் பிடுங்கிக்கொண்டு போன ஷாட்டும் உண்டு. இரண்டாவது ஷாட் அந்த ரகம் என்றுதான் தோன்றுகிறது.

ஆற்றின் மேல் மூடுபனி. தூரத்து மரங்களின் கறுப்பு வெளிறிச் சாம்பலாகிவிட்டது. அதே தூரத்தில் வரும் யாளியின் வயிற்றடியோ மைக்கறுப்பு. உங்கள் திரையின் வெளிச்சத்தை மிகவும் ஏற்றிப் பாருங்கள்: மரம், கரை எல்லாம் ஒன்றாக வெளுக்கும், யாளி மட்டும் வெட்டி ஒட்டின காகிதமாகத் தனியே நிற்கும். கறுப்பை பிளேட்டுக்கு (கேமராவில் எடுத்த நிஜக் காட்சிக்கு) இணையாகத் தூக்கி, தூரத்துக்கு ஏற்ற பனியைப் போட்டு, விளிம்பில் பின்னணி வெளிச்சத்தைக் கொஞ்சம் கசியவிட்டால் பாதிக் ‘கேம்’ போய்விடும். இதெல்லாம் கம்பாசிட்டிங், அதாவது அடுக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் வேலை. ஒரு ஷாட்டுக்குச் சில நாள். இதற்காக யாரும் ரிலீஸைத் தள்ள மாட்டார்கள்.

தண்ணீர் கதை வேறு. அவ்வளவு பெரிய உடம்பு இறங்கினால் தண்ணீர் உடைந்து உடைந்து கடைசியில் புகை மாதிரித் தூறலாகிவிடும். இங்கே சிதறும் ஒவ்வொரு துளியும் யாளியின் கண் அளவுக்கு இருக்கிறது. வாளித் தண்ணீரில் பொம்மையைப் போட்டால் வரும் சிதறல் அது. தண்ணீரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் சிமுலேஷனைப் பெரிய கட்டங்களில் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்கு. நேர அடியையும் (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியையும்) பாதியாக்க வேண்டியிருப்பதால் கணக்குப் போடும் நேரம் ஏறத்தாழ 16 மடங்கு. அதற்கு மேல் நுரை, தூறல், ரோமத்தில் நனைந்த கோடு என்று ஒவ்வொன்றும் தனி அடுக்கு. கேட்பதானால் இதைக் கேளுங்கள், மாறன். இதற்கு நிஜமாகவே வாரக்கணக்கில் நேரம் வேண்டும்.

முதல்வரிசை மாறன்:
கயல் அக்கா, டிக்கெட் வாங்குறவன் கட்டம், நேர அடி எல்லாம் படிச்சிட்டா வரணும்? எனக்கு ஒட்டலன்னா ஒட்டல. ஏன் ஒட்டலன்னு கண்டுபிடிக்கிறது அவங்க வேலை. ஒருத்தர் மூணாவது ஷாட்டோட ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து ரெண்டே மணி நேரத்துல சரி பண்ணிப் போட்டிருக்கார். சும்மா மிரட்டுது. அதை ஒரு பெரிய டீம் செய்ய முடியாதா?

சாம்பல்பந்து:
அந்தப் படத்தைப் பார்த்தேன். நீலத்தை ஏற்றி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, முகத்துக்கு முன்னால் ஒரு புகைப்படலத்தைப் போட்டிருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரு ஃப்ரேம். அடுத்த 95 ஃப்ரேமிலும் அதே புகை அதே இடத்திலிருந்து நகர்ந்து, முகம் திரும்பும்போது நிழலும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஏஐ கருவியில் ஃப்ரேம் ஃப்ரேமாகப் போட்டு எடுத்தால் ரோமம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடம் மாறி, எறும்பு ஊர்வது மாதிரி ஊரும். நின்றால் அழகு, ஓடினால் அலங்கோலம்.

இன்னொன்று அவர் கவனிக்கவில்லை, நீங்களும் கவனிக்கவில்லை. மூன்றாவது ஷாட்டில் ஹீரோவின் முகத்தில் தீப்பந்த வெளிச்சம் திரையின் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. யாளியின் கண்மணியில் மினுங்கும் புள்ளியோ வலப்பக்கம். இரண்டு பேரும் ஒரே தீப்பந்தத்துக்கு முன்னால் நிற்கவில்லை என்று கண்ணுக்கு உடனே உறைக்கும், வாய்க்குக் காரணம் சொல்லத் தெரியாது. வெளிச்சம் எங்கிருந்து, எப்படி விழுகிறது என்று பதிவு செய்ய, படப்பிடிப்பில் ஒவ்வொரு லைட்டிங் மாறும்போதும் ஒரு சாம்பல் பந்து, ஒரு கண்ணாடிப் பந்து இரண்டையும் கேமரா முன்னால் பிடித்து எடுக்க வேண்டும். அதே இடத்தில் நின்று சுற்றுப்புறம் முழுவதையும் வெவ்வேறு எக்ஸ்போஷரில் படம் பிடித்து எச்டிஆர்ஐ (இருட்டும் வெளிச்சமும் முழுதாகப் பதிந்த ஒரே படம்) செய்ய வேண்டும். மொத்தம் ஐந்து பத்து நிமிட வேலை. ‘வெளிச்சம் போகுது, அடுத்த ஷாட்’ என்று அதைத் தாண்டிவிட்டால், ஆறு மாதம் கழித்து லைட்டிங் செய்பவர் ஊகித்துத்தான் விளக்கு வைப்பார்.

இந்த ஒரு ஷாட்டில் மாறன் சொன்னது சரிதான். விளக்கை இடம் மாற்றி மறுபடி ரெண்டர் எடுத்தே ஆகவேண்டும்.

கடைசிரீல்:
பாருங்க, மெதுமெதுவா மாறன் பக்கம் வந்தாச்சு.

சாம்பல்பந்து:
முழுசாக வரவில்லை ரீல். சோனிக் உதாரணத்தையும் பார்த்துவிடுவோம். அங்கே மாற்றியது ஒரு பாத்திரத்தின் உருவத்தை. மாடல் மாறினால் அதை அசைக்கும் ரிக் மாறும், ரோமம் மறுபடி நடவேண்டும், முகபாவங்களின் அனிமேஷனைத் திரும்பத் தொடவேண்டும், பிறகு லைட்டிங், பிறகு கம்பாசிட்டிங். சங்கிலியின் முதல் கண்ணியைப் பிடித்து இழுப்பது அது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு மேல் படம் தள்ளிப்போனது. யாளியின் மூஞ்சியை மாற்று என்று நீங்கள் கேட்பதும் அதே கண்ணி. மூன்று ஷாட்டிலும் நான் பார்த்தவரை மூஞ்சியில் குறை இல்லை. தும்பிக்கை தாடையில் ஒட்டும் இடத்தில் தோல் மடிப்பு கச்சிதம். கீழ் இமையின் ஓரத்தில் ஈரக்கோடுகூட இருக்கிறது. நல்லா இருப்பதை மாற்றச் சொல்லிக் கத்தினால், அஞ்சு மாதமும் அதற்கே போய்விடும். தண்ணீரும் குதிப்பும் இப்போது இருக்கிற மாதிரியே தியேட்டருக்கு வரும்.

கடைசிரீல்:
ரசிகன் என்ன, திருத்தப் பட்டியலா எழுதிக் கொடுப்பான்? ‘நல்லால்ல’ன்னுதான் சொல்லுவான். அதை மொழிபெயர்க்கத்தான் விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர்னு ஒருத்தர் இருக்கார். அடுத்து ‘யூடியூப்ல பார்த்தா அப்படித்தான், தியேட்டர்ல பாருங்க’ன்னு ஒரு சால்ஜாப்பு வரும், அதையும் இப்பவே முடிச்சிருங்க.

கயல்_கம்ப்:
அதில் கொஞ்சம் உண்மை, மிச்சம் சால்ஜாப்பு. தியேட்டருக்குப் போகும் பிரதி 12 பிட் நிறம், நொடிக்கு 250 மெகாபிட் வரை. நாம் பார்க்கும் டீசர் 8 பிட், டேட்டாவும் அதில் மிகச் சின்னப் பங்குதான். இரவு வானத்தில் படி படியாகத் தெரிகிற பட்டைகளுக்கும், ரோமம் சேறாகக் குழைவதற்கும் அது காரணமாகலாம். கிரெயின் (படத்தின் மேல் தெரியும் பொடிப்புள்ளி) பொருந்துகிறதா என்பதையும் டீசரை வைத்துத் தீர்மானிக்க முடியாது, அமுக்கும்போது முதலில் பலியாவது அதுதான். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, குதிக்க எத்தனை ஃப்ரேம் எடுத்தது என்பதெல்லாம் கம்ப்ரெஷனில் மாறாது.

முதல்வரிசை மாறன்:
சரி, நானே உட்கார்ந்து எண்ணினேன். வீடியோவை நிறுத்திட்டு கீபோர்டுல கால்புள்ளியும் முற்றுப்புள்ளியும் தட்டினா ஃப்ரேம் ஃப்ரேமா நகருது. சாம்பல் சார் சொன்ன 12 சரிதான். ஆனா ஒண்ணு இடிக்குது. அதே முதல் ஷாட்ல முன்னால நிக்கிற ஹீரோவோட மேல்துண்டு காத்துல ஆடுதுல்ல, அது நழுவிப் போகாம ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் குதிச்சுக் குதிச்சுப் போகுது. அது நிஜத் துணிதானே? சிஜியே இல்லையே? அதே ஹீரோ மூணாவது ஷாட்ல நிக்கிறப்ப துண்டு வழுவழுன்னு ஆடுது.

சாம்பல்பந்து:
இது நான் பார்க்காமல் விட்டது. நிஜத் துணியும் சேர்ந்து துள்ளுகிறது என்றால் அனிமேட்டர் மேல் பழி போட்டது என் தப்பு. முடிந்த ஷாட்டை எடிட்டில் இரட்டை வேகத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள், ஒன்று விட்டு ஒரு ஃப்ரேமைக் கழித்து. அப்படியானால் மூலத்தில் அது 24 ஃப்ரேம். ஒரு நொடி. ஒரு நொடியில் விழும் தூரம் 4.9 மீட்டர். பாறை 5 மீட்டர் என்று வைத்தால் அனிமேட்டரின் கணக்கு மிகச் சரி.

மாறன் முதலில் சொன்ன ‘கேம்’ எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது பிடிபடுகிறது. கேமராவின் வழக்கமான 180 டிகிரி ஷட்டரில் ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 நொடி திறந்திருக்கும். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் இருக்கும் நேரத்தில் பாதி, அசைவின் கலங்கலாகப் பதியும். பாதி ஃப்ரேமைக் கழித்துவிட்டால் இடைவெளி இரட்டிப்பாகிறது, கலங்கல் அதேதான். ஆக, பதிந்திருப்பது கால்வாசி அசைவு. 90 டிகிரி ஷட்டரில் எடுத்தது மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையாகத் துண்டு துண்டாக நிற்கும். மோஷன் பிளரை (அந்த அசைவுக் கலங்கலை) அணைத்துவிட்டு விளையாடும் கேமில் கண்ணுக்குத் தெரிவதும் இந்தத் துள்ளல்தான்.

கடைசிரீல்:
டீசர் மியூசிக்ல அந்த இடத்துல ஒரு மேள அடி விழுது. அதுக்குள்ள யாளி தண்ணியில விழணும். ஷாட்டை வெட்ட மனசு வரல, வேகத்தைக் கூட்டிட்டாங்க. பாறை விளிம்புல ஒரு கட், தண்ணியில ஒரு கட்னு போட்டிருந்தா 12 ஃப்ரேம்லயே முடிஞ்சிருக்கும், எடையும் போயிருக்காது. படத்தோட எடிட்லயும் இதே வேகத்தை வெச்சிருந்தாங்கன்னா?

கயல்_கம்ப்:
வேகம் லாக் ஆகியிருந்தால், அந்த வேகத்துக்கே மோஷன் பிளரைக் கணக்கிட்டு யாளியை மறுபடி ரெண்டர் எடுக்கலாம். பிளேட்டுக்கு வெக்டர் (ஒவ்வொரு புள்ளியும் நகரும் திசையும் தூரமும்) வைத்துச் செயற்கையாகக் கலங்கலைச் சேர்க்கலாம், துண்டின் ஓரங்கள் கொஞ்சம் கிழியும். துள்ளல் போகும். ஆனால் அரை நொடிக் குதிப்பு அரை நொடிக் குதிப்பாகவே இருக்கும். மாறன், இரண்டாவது ஷாட்டிலும் துள்ளுகிறதா பாருங்கள். துள்ளினால் தண்ணீரின் மேல் நான் சொன்னதில் கொஞ்சத்தை வாபஸ் வாங்க வேண்டும். வேகம் கூடினாலும் தண்ணீர் சின்னதாகத் தெரியும்.

முதல்வரிசை மாறன்:
ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். துள்ளல. ஆத்தோரத்து நாணல் நிதானமாத்தான் ஆடுது. துளி மட்டும் கண்ணு அளவுக்கு அப்படியேதான் இருக்கு. மூஞ்சியை மாத்தணும்னு சொன்னதை நான் வாபஸ் வாங்குறேன். குதிப்பை எடிட்டர் தலையில கட்டிருவோம். தண்ணியை விடுறதா இல்ல.