புதுப்பிப்பு: காலி வரை தனியாகச் சென்று திரும்பினேன்

கொழும்பிலிருந்து இலங்கையின் தென்கரை நகரமான காலிக்குத் தனியாகச் செல்ல ரயில் நல்லதா, பேருந்து நல்லதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பலரும் ரயிலையே சொன்னீர்கள், அது சரியான யோசனை. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் ஏறி வலப்புற சன்னலோரம் அமர்ந்தால், பல இடங்களில் அலை தண்டவாளத்துக்கு மிக அருகில் வந்து போவதைக் காணலாம்.

இக்கடுவையில் இறங்கி, அங்கே முச்சக்கரவண்டி என்று அழைக்கப்படும் ஆட்டோவில் பெரலிய நினைவிடத்துக்குச் சென்றேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அவ்விடத்தில் ஒரு பயணிகள் ரயிலைப் புரட்டியதில் 1,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே காலையில் எங்கள் காசிமேட்டிலும் கடல் உள்ளே புகுந்ததைச் சிறுவயதில் பார்த்தவன் என்பதால், அங்கிருந்து எளிதில் நகர முடியவில்லை.

போர்ச்சுகீசியர் தொடங்கி டச்சுக்காரர் விரிவாக்கிய காலிக் கோட்டையின் மதில்மேல் மாலையில் நடப்பது இனிமை. ஆயினும் நான் உங்களுக்கு முதலில் பரிந்துரைப்பது, காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டையே. சீனக் கடற்படைத் தலைவர் செங் கே நிறுவிய, 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்லில் சீனம், பாரசீகத்துடன் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்ப் பகுதி தென்திசைக் கோயிலின் தெய்வமான தேனவரை நாயனாரைப் போற்றுகிறது.