பாப்பாக்குடிக்கு முன்னால் பாபநாசம்

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய தனியார் நூலகத்தின் அட்டைப் பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். உறுப்பினர்களின் ஊர்ப் பட்டியலை அச்சிட்டு நீட்டியதும், ஆயுள் முழுக்க அட்டை அடுக்கிய நூலகர் ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்ன வே, பாப்பாக்குடிக்கு முன்னாடி பாபநாசத்தைப் போட்டிருக்கீரு? அகராதியப் பொரட்டியே பார்த்ததில்லையா?" என்று கேட்டார்.

தவறு என்னுடையதுதான். நான் வைத்திருந்த 'சி' கொலேஷன் (சொற்களை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதி), கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள ஒருங்குறி (யூனிகோடு) எண்ணை மட்டும் பார்த்து அடுக்குவது. ஒருங்குறியில் 'ப்' என்பதற்குத் தனி எண் கிடையாது. அது 'ப'வும் புள்ளியும் சேர்ந்தது. புள்ளியின் எண் மெய்வரிசை எண்களைவிடப் பெரியதாகையால், 'பாப' வரை ஒத்துப்போன இரண்டு பெயர்களில் 'ந' தொடர்வது முந்திக்கொள்கிறது. போதாக்குறைக்கு, அந்த எண்வரிசையில் 'ந'வை ஒட்டியே 'ன'வும், 'ர'வை ஒட்டியே 'ற'வும் நிற்கின்றன.

போஸ்ட்கிரெஸ் பத்தாம் பதிப்பிலிருந்து (2017) ஐசியு (பல மொழிகளின் அகரவரிசை விதிகளைக் கொண்ட மென்பொருள் நூலகம்) கொலேஷன்கள் கிடைக்கின்றன. முதலில் எந்த மொழிக்கும் உரியதல்லாத பொது வரிசையை வைத்துப் பார்த்தேன். 'ன', 'ற' தம் இடத்துக்குப் போயின, பாபநாசம் மட்டும் அசையவில்லை. தமிழுக்கென்றே உள்ள 'டிஏ-எக்ஸ்-ஐசியு' (ta-x-icu) கொலேஷனைக் கொடுத்த பிறகுதான், மெய்யெழுத்து அகரமேறிய எழுத்துக்கு முன் வந்து, பாப்பாக்குடி மேலே ஏறியது.

அடுத்தது மலையாளம். முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மலையாள நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. ஒரு நெடுவரிசைக்கு ஒரு கொலேஷனைத்தான் இயல்பாக வைக்க முடியும். ஆகவே மொழியைத் தனி நெடுவரிசையில் குறித்து, வினவலிலேயே அந்தந்த மொழியின் கொலேஷனைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அடுக்கிய பட்டியல்) போட்டேன். ஒரு கொலேஷனில் கட்டிய இன்டெக்ஸ் இன்னொன்றில் அடுக்குவதற்கு உதவாது.

பிறகு சர்வரை மேம்படுத்தியபோது ஐசியுவின் பதிப்பு மாறியிருந்தது. பதிப்பு பொருந்தவில்லை என்று வந்த எச்சரிக்கையை நான் பொருட்படுத்தவில்லை. கண்ணெதிரே அலமாரியில் இருந்த நூலைத் தேடினால் "இல்லை" என்று பதில் வந்தது. இன்டெக்ஸ் பழைய வரிசையிலும் தேடல் புதிய வரிசையிலும் நடந்ததே காரணம். முதலில் ரீஇன்டெக்ஸ் செய்துவிட்டு (இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டிவிட்டு), அதன் பிறகே கொலேஷன் பதிப்பைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளை எச்சரிக்கையை நிறுத்துமே தவிர இன்டெக்ஸைத் தொடாது.