பூட்ஸ்ட்ராப் சேர்த்ததும் ஜேகுவரி யூஐ டயலாக்கில் மூடும் குறி காணாமல் போனது – உதவி தேவை

கரிசல்:
வணக்கம். பழைய பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறேன். டயலாக் (திரையில் எழும் சிறு பெட்டி), தேதிப் பெட்டி எல்லாம் ஜேகுவரி யூஐ 1.12 (jQuery UI, வலைப்பக்க உறுப்புகளைத் தரும் லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு). தோற்றத்தைப் புதுப்பிக்க பூட்ஸ்ட்ராப் 3.4 (Bootstrap, பக்கத் தோற்றத்துக்கான இன்னொரு லைப்ரரி) சேர்த்தேன். அதிலிருந்து டயலாக் மூலையில் இருந்த பெருக்கல் குறியைக் காணவில்லை. வெறும் கட்டம்தான் தெரிகிறது, அழுத்தினால் மூடுகிறது. சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்ற விதிகளில்) இரண்டு நாள் தேடிவிட்டேன். ஸ்கிரிப்ட் வரிசையை மாற்றி பூட்ஸ்ட்ராப்பை முதலில் போட்டால் குறி வருகிறது. ஆனால் 'சேமி' பட்டனின் லோடிங் நிலை (வேலை நடக்கும்போது பட்டன் காட்டும் காத்திருப்பு நிலை) உடைகிறது. தொடங்காத பட்டனில் 'லோடிங்' மெத்தடை அழைக்க முடியாது என்று கன்சோலில் பிழை. யாராவது வழி சொல்லுங்கள்.

நெய்தல்:
சிஎஸ்எஸ்ஸை விட்டுவிடுங்கள் நண்பரே, இது பெயர் மோதல். இரண்டு லைப்ரரியும் ஒரே ஜேகுவரியில் (இரண்டுக்கும் அடிப்படையான லைப்ரரி) 'பட்டன்' என்ற பெயரிலேயே பிளகினை (கூடுதல் செயல்பாட்டை) பதிகின்றன. பின்னால் ஏறுவது முன்னதை மூடிவிடும். டயலாக் தன் மூடும் பொத்தானை அந்தப் பெயரை அழைத்துத்தான் உருவாக்குகிறது. அங்கே பூட்ஸ்ட்ராப்பின் பட்டன் இருந்தால் அதற்கு ஐகான் வைக்கத் தெரியாது. வரிசையை மாற்றினால் அடி உங்கள் லோடிங்குக்கு விழுகிறது.

முதலில் ஜேகுவரி யூஐ, அடுத்து பூட்ஸ்ட்ராப். உடனே பட்டன் பிளகினின் 'நோகான்ஃப்ளிக்ட்' ஃபங்ஷனை அழையுங்கள். பழைய பெயர் ஜேகுவரி யூஐக்கே திரும்பிவிடும். அது திருப்பித் தரும் பூட்ஸ்ட்ராப் பட்டனை வேறு பெயரில், உதாரணமாக 'பூட்ஸ்ட்ராப்பட்டன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடிங் அழைப்புகளில் இந்தப் புதுப் பெயரைப் போட வேண்டும். டயலாக் எதையும் உருவாக்குவதற்கு முன்பே இது நடக்க வேண்டும், அதில் கவனம்.

கரிசல்:
இரண்டும் வேலை செய்கின்றன, மிக்க நன்றி! டூல்டிப்புக்கும் (சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் சிறு குறிப்பு) இதே பெயர் மோதல் இருக்குமே? அப்புறம் இன்னொன்று: பூட்ஸ்ட்ராப் மோடலுக்குள் (பக்கத்தை மறைத்து எழும் பெட்டி) இருக்கும் செலக்ட்2 (Select2, தேடல் வசதியுள்ள தேர்வுப் பட்டியல்) திறக்கிறது, தேடல் கட்டத்தில் தட்டச்சு செய்ய முடியவில்லை.

பாலை:
டூல்டிப்பும் அப்படித்தான். பூட்ஸ்ட்ராப்புடையதை மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் தொட வேண்டாம், இப்போது பின்னால் ஏறுவது அதுதான். ஜேகுவரி யூஐயைத் தரவிறக்கும்போதே டூல்டிப்பை நீக்கிவிட்டால் இன்னும் நல்லது.

செலக்ட்2 தன் பட்டியலை பாடியின் (பக்கத்தின் முழு உள்ளடக்கப் பகுதி) கடைசியில், மோடலுக்கு வெளியே ஒட்டுகிறது. மோடலோ ஃபோகஸ் (தட்டச்சு போய்ச் சேரும் இடம்) தன்னைவிட்டு வெளியே போனால் உடனே இழுத்துக்கொள்ளும். செலக்ட்2-வைத் தொடங்கும்போது 'டிராப்டவுன்பேரன்ட்' ஆப்ஷனில் அந்த மோடலைக் கொடுங்கள்.

கரிசல்:
சரியாகிவிட்டது! ஒரே பக்கத்தில் மூன்று மோடல் இருப்பதால் ஒவ்வொரு செலக்ட்2-க்கும் அதனதன் மோடலைக் கொடுத்தேன்.