முழங்கை வலி: கோல்ஃப் மட்டையின் ஷாஃப்ட்டை (தண்டை) மாற்றினால் குறையுமா?

கோல்ஃப் ஆடுபவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். நான் வலது கை ஆட்டக்காரன், ஆனால் வலி இடது முழங்கையின் வெளிப்பக்கத்தில். கோல்ஃபால் வந்த வலிக்கு டாக்டர் ‘டென்னிஸ் எல்போ’ என்கிறார் (உள்பக்கம் வலித்தால்தான் ‘கோல்ஃபர்ஸ் எல்போ’வாம், நல்ல கூத்து). எனக்குச் சந்தேகம் டிரைவிங் ரேஞ்ச் (பந்தடித்துப் பழகும் இடம்) மேட் மேல்தான். புல்தரையில் பந்துக்குப் பின்னால் அடித்துவிட்டால் மண் பெயர்ந்து வழிவிடும், கான்கிரீட் மேல் விரித்த மெல்லிய மேட்டில் அந்த அதிர்வு முழுக்க நேராகக் கைக்கு வந்துவிடுகிறது. இப்போதைக்கு அங்கே பந்தை டீயில் (பந்தைத் தூக்கி வைக்கும் சின்ன முளை) வைத்துத்தான் அடிக்கிறேன், மற்ற நேரம் பட்டிங் (குழியை நோக்கி மெல்ல உருட்டுவது) மட்டும்.

என் அயர்ன்கள் (இரும்பு மட்டைகள்) எல்லாமே கனமான ஸ்டீல் ஷாஃப்ட். கிராஃபைட்டுக்கு (லேசான கார்பன் இழை ஷாஃப்ட்) மாறியவர்களுக்கு உண்மையிலேயே வலி குறைந்ததா, இல்லை அது வெறும் கடைக்காரர் பேச்சா? செட் முழுக்க மாற்றும் செலவை நினைத்தால் இந்த வலியே தேவலை. அதனால் முதலில் மென்மையான மிட்சைஸ் கிரிப் (கைப்பிடி உறை) போட்டுப் பார்க்கலாமா? வழக்கமானதைவிட 1/16 அங்குலம்தான் தடிமன் கூடுதல், ஆனால் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது என்கிறார்கள். அப்புறம், முன்கையில் கட்டும் பட்டை, லேசான டம்பெல்லை மெதுவாக இறக்கும் மணிக்கட்டுப் பயிற்சி, இரண்டில் எது உங்களுக்குப் பலன் தந்தது?