பீரியட்ஸ் டேட்டுக்கு முன்னாடி மார்பு வலி, உங்களுக்கு எப்படி?

முலுண்ட் வாசி:
மும்பைல காலைல சிஎஸ்டி போற ஃபாஸ்ட் லோக்கல் ட்ரெயின்ல லேடீஸ் டப்பால ஏறுறவங்களுக்கு சொல்லவே வேணாம், அந்த நெரிசல்ல டேட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எவளாவது முழங்கை லேசா பட்டாலே எனக்கு உயிர் போயிடும். பேக்கை முன்னாடி மாட்டி கட்டிப்பிடிச்சிட்டு நிப்பேன், ஏதோ நகை வெச்சிருக்கேன்னு நெனச்சிருப்பாங்க. ரெண்டு பக்கமும் கனத்துப்போய் அக்குள் வரை இழுக்கும், கவுந்து படுக்க முடியாது, பீரியட்ஸ் வந்ததும் வடிஞ்சிடும்.

டாக்டர் தடவிப் பாத்துட்டு, வலி என்னிக்கு வருது என்னிக்கு போகுதுன்னு ரெண்டு மூணு மாசம் காலண்டர்ல குறிச்சிட்டு வாம்மான்னாங்க. குறிச்சா அப்படியே டேட்டோட சேந்து வருது. கருமுட்டை வந்தப்புறம் ஹார்மோன் மாறுறதால வர்றதாம். கட்டி எதுவும் இல்லாம வெறும் வலி மட்டும்னா கேன்சரா இருக்கறது ரொம்ப அபூர்வம்னு சொன்னப்புறம்தான் தூக்கமே வந்துச்சு.

மாத்திரைய விட எனக்கு கேட்டது பிரா மாத்துனதுதான். மாட்டுங்கால ஒரு கடைக்கார அக்கா டேப் வெச்சு அளந்து, பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும், அதுக்கு மேல போனா லூஸு, வார் தோள்ல பதியக்கூடாதுன்னு மூணு நாலு போட்டுப் பாக்க வெச்சாங்க. அந்த ஒரு வாரம் ராத்திரியும் மெத்துனு ஒண்ணு போட்டுக்கறேன். இந்த வலிக்கு ப்ரிம்ரோஸ் ஆயில் (ஒரு பூச்செடியோட விதை எண்ணெய்) கேப்ஸ்யூல ஆஃபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க, ஆராய்ச்சில பெருசா பலன் தெரியலயாம், அந்த காசுக்கு நல்ல பிராவே வாங்கிடலாம்.

செம்பூர் அக்கா:
எனக்கு டேட்டுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லப்பா. வயசு 40 தாண்டியாச்சு, இடது பக்கம் மட்டும், நெஞ்செலும்பு ஓரமா விரல் வெச்சு அழுத்தினா சுரீர்னும். மேமோகிராம், சோனோகிராஃபி ரெண்டும் நார்மல். விலா எலும்பு சேர்ற இடத்துல குருத்தெலும்பு வீங்கியிருக்காம், வலி மார்புல இல்லவே இல்ல! டைக்ளோஃபினாக் ஜெல் தடவி, தண்ணி பக்கெட் தூக்குற வேலைய மகன் தலைல கட்டினேன், சரியாப்போச்சு. ஆனா ஒரே இடத்துல விடாத வலி, கட்டி, தோல் குழியுறது, காம்புல ரத்தம், இதுல எது இருந்தாலும் காலண்டர்லாம் குறிச்சிட்டு இருக்காதீங்க, உடனே காட்டுங்க.

தாராவி பொண்ணு:
அக்கா நான் பால் குடுக்கறவ. ஒரு பக்கம் செவந்து கல்லாட்டம் ஆகி, ஜுரம், குளிர் வேற. ஊர்லேந்து வந்த அத்தை மல்லிப்பூ வெச்சு கட்டுடின்னாங்க. அது பால் வத்த வெக்கறதுக்கு கட்டறதாச்சே அத்தை, எனக்கு பால் வேணுமேன்னேன், மூஞ்சி தூக்கிட்டாங்க. டாக்டர் ஆன்டிபயாடிக் குடுத்து, அந்த பக்கமும் பால் குடுக்கறத நிறுத்தாத, பால் குடுக்கறதுக்கு நடுநடுவுல ஐஸ துணில சுத்தி வைன்னாங்க.

முலுண்ட் வாசி:
கொழந்தைக்கு அந்த பாலால ஒண்ணும் ஆகாதாமா?

தாராவி பொண்ணு:
ஒண்ணும் ஆகாதாம் அக்கா, நானும் அதத்தான் மொதல்ல கேட்டேன். மாத்திரை மட்டும் பாதில நிறுத்தக்கூடாதாம். அத்தை இன்னும் பேசல.