லேபிள் இல்லாத வால்வு ரேடியோ டிரான்ஸ்ஃபார்மர்: எந்த வயர் எதற்கு?

நேரே 230 வோல்ட்டில் மாட்டவே கூடாது. முதலில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, எந்தெந்த வயர் ஒரே வைண்டிங்கைச் (கம்பிச்சுற்றைச்) சேர்ந்தவை என்று பார்த்துத் தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள். தடித்த கம்பி, அரை ஓமுக்கும் கீழே என்றால் ஹீட்டர் (வால்வு இழையைச் சூடாக்குவது). சில பத்து ஓம் என்றால் பெரும்பாலும் பிரைமரி (மெயின்ஸ் மாட்டும் பக்கம்; மற்றவை செகண்டரி). நடுமுனையிலிருந்து இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் காட்டினால் எச்.டி. (உயர் வோல்ட் வைண்டிங்). அந்த இரண்டு பாதியும் சமமாக இல்லையே என்று பயப்பட வேண்டாம். வெளிப்பக்கம் சுற்றிய பாதிக்குக் கம்பி அதிகம் பிடிக்கும். ஓம் கூடும், வோல்ட் மாறாது.

எதோடும் சேராமல் ஒற்றை வயர் நின்றால் வைண்டிங் அறுந்ததாக முடிவுகட்டாதீர்கள். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே போட்ட ஷீல்டாக இருக்கலாம். அப்படியானால் அது சேஸிஸுக்கு (உலோக அடிச்சட்டத்துக்கு) போகும்.

* * *

அடுத்த படி: பிரைமரி என்று நினைக்கும் வைண்டிங்குக்கு 12 வோல்ட் ஏசி, சிறு ஃப்யூஸ் வழியாக. 230 வோல்ட் பிரைமரி என்றால் மற்ற வைண்டிங்குகளில் வரும் வோல்ட்டை 19.2-ஆல் (230 ÷ 12) பெருக்குங்கள். 0.35 வோல்ட் வந்தால் 6.3 ஹீட்டர், 0.28 வந்தால் 5ஒய்3 போன்ற ரெக்டிஃபையர் வால்வுக்கான (ஏசியை டிசியாக்குவது) 5 வோல்ட், பாதிக்கு 14 வந்தால் 250-0-250 எச்.டி. லோடு இல்லாதபோது அளவு சற்றுக் கூடுதலாகத்தான் நிற்கும். ஹீட்டரில் 0.7 வந்தால் பிரைமரி 110–117 வோல்ட்டுக்கானது! ஹீட்டர் வைண்டிங்கில் மட்டும் தவறிப்போய் 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். மறுபக்கம் 400 வோல்ட்டுக்கு மேல் எகிறும்.

5 வோல்ட் வைண்டிங் இல்லையென்றாலும் குறையில்லை. ஈ.இசட்.80 ரெக்டிஃபையருக்கு 6.3 வோல்ட்டே போதும்.

* * *

மேலே சொன்னது ஒத்துவந்தபின் 60 வாட் இழைப் பல்பை சீரிஸில் போட்டு மெயின்ஸ் கொடுங்கள் (எல்இடி உதவாது). எச்.டி. முனைகளுக்கு முன்பே ஸ்லீவ் போட்டுவிடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்க வேண்டும். பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே சுற்றுகள் ஷார்ட், இல்லையேல் 110 வோல்ட் பிரைமரி. நன்றாக இருந்தால் சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு, ஹீட்டரில் 2.2 ஓம், 25 வாட் ரெசிஸ்டரை லோடாக வையுங்கள்; சுமார் 2.9 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த வைண்டிங் அவ்வளவு கரண்டுக்கானது அல்ல.

* * *

நிறத்தை நம்புவோருக்கு: கறுப்பு பிரைமரி, சிவப்பு எச்.டி., மஞ்சள் ரெக்டிஃபையர், பச்சை ஹீட்டர் என்பது அமெரிக்க வழக்கம். ரீவைண்ட் செய்ததில் நிறத்துக்கு அர்த்தமே கிடையாது.

யு.எல்.84, யு.ஒய்.85 வால்வுகள் போட்ட செட்டில் பவர் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடாதீர்கள். அதன் ஹீட்டர்கள் சீரிஸில் நேரே மெயின்ஸில் ஓடுபவை. அதில் இருப்பது ஸ்பீக்கருக்கான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அவுட்புட்டுக்கு ஒரு கணக்கு: ஈ.எல்.84 வால்வுக்கு 5200 ஓம், 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் சுற்று விகிதம் 36 (5200 ÷ 4-இன் வர்க்கமூலம்). வால்வுப் பக்கம் 12 வோல்ட் கொடுத்தால் ஸ்பீக்கர் பக்கம் 0.33 வரும். ஒற்றை வால்வு அவுட்புட்டில் 'ஈ' தகடுகள் எல்லாம் ஒரே பக்கம், 'ஐ' தகடுகள் எதிர்ப்பக்கம், நடுவே காகித இடைவெளி. பவர் டிரான்ஸ்ஃபார்மரில் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும்.