ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பாடம் பற்றிப் பேசுவதற்கு இடம் உண்டாக்குவது எப்படி?

கேள்வி: பட்டதாரி ஆசிரியர் (கணிதம்), அரசு உயர்நிலைப் பள்ளி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஒன்றியக் கணித ஆசிரியர்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. சுற்றறிக்கைகள், எமிஸ் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பதிவுக்கான நினைவூட்டல்கள், வினாத்தாள் பிடிஎஃப்கள், வாழ்த்துகள் என்று செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஆனால் வகுப்பறையில் எழும் சிக்கலைப் பற்றி ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வி சிறிது நேரத்திலேயே மேலே போய் மறைந்துவிடுகிறது. அண்மையில் ஏழாம் வகுப்பில் முழுக்கள் (நேர், எதிர்க் குறிகள் கொண்ட முழு எண்கள்) நடத்தியபோது, −3 − 5 என்பதற்கு மாணவர்கள் பலர் −8 என்பதற்குப் பதிலாக 8 என்று விடை எழுதியிருந்தார்கள். காரணம் கேட்டால், “மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்” என்கிறார்கள். மற்ற பள்ளிகளில் இதை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று குழுவில் கேட்டேன். சில கட்டைவிரல் குறிகளும் ஒரு யூடியூப் இணைப்பும் மட்டுமே வந்தன. டெலிகிராமுக்கு மாறினால் நிலைமை மாறுமா? அரசின் இணையவழிக் கற்றல் தளமான தீக்‌ஷாவில் உள்ள பயிற்சிகளே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஆசிரியர் பயிற்றுநர், வட்டார வள மையம்

வணக்கம் சார். செயலியை மாற்றுவதற்கு முன்னால் குழுவின் வேலையைப் பிரித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்பது அறிவிப்புக்குப் பயன்படும்; கலந்துரையாடலுக்கு அதுவே தடையாகிறது. அத்தனை பேர் பார்க்கும் இடத்தில், தம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே இப்போதுள்ள குழுவில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று அமைத்துச் சுற்றறிக்கைகளுக்கு விட்டுவிட்டு, ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் எட்டுப் பத்துப் பேரைக் கொண்ட தனிக் குழுவைத் தொடங்குங்கள்.

அதில் வாரத்துக்கு ஒரு விடைத்தாளின் படம் மட்டும் வரட்டும். “இதை எப்படி நடத்துவது?” என்று கேட்டால் ஆளுக்கொரு வீடியோவை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். “இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியிருக்கும்?” என்று கேட்டால், ஒவ்வொருவரும் தம் வகுப்பை நினைத்துப் பார்த்தாக வேண்டும். நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 8 என்று எழுதிய பிள்ளை, பெருக்கலுக்குரிய குறி விதியைக் கூட்டல் கழித்தலுக்கும் கொண்டுவந்துவிட்டது. அதே கணக்குக்கு −2 என்று எழுதும் பிள்ளையோ, எண் கோட்டில் −3-இலிருந்து எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதில் தடுமாறி, சிறிய எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்துவிட்டுக் குறியை மட்டும் ஒட்டியிருக்கக்கூடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. முதல் பிள்ளையிடம் (−3) + (−5), −3 − 5, (−3) × (−5) ஆகிய மூன்றையும் பக்கம் பக்கமாக எழுதவைத்து, விதி எந்த இடத்துக்கு உரியது என்று அதையே சொல்லச் சொல்ல வேண்டும்; இரண்டாவது பிள்ளைக்கு எண் கோடுதான் வேண்டும். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்குச் சக ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். குழுவின் பயன் அங்கேதான் இருக்கிறது.

மறுமொழி 2: முதுகலை ஆசிரியர்

மேலே பயிற்றுநர் அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இதற்கு மருத்துவத் துறையில் ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய ‘எக்கோ’ திட்டத்தில், ஊர்ப்புற மருத்துவர்கள் வாரந்தோறும் காணொளிக் கூட்டத்தில் சேர்ந்து, தாங்கள் பார்க்கும் ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல் விவரிப்பார்கள். நிபுணர்களும் மற்ற ஊர் மருத்துவர்களும் அதைப் பற்றிக் கலந்து பேசுவார்கள். 407 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காட்டினரும், இப்படிக் கற்ற மருத்துவர்களிடம் 58.2 விழுக்காட்டினரும் குணமடைந்தது தெரியவந்தது. அங்கே தனியாக ஓர் உரை நிகழ்த்தியதைவிட, சொந்த நோயாளியை முன்வைத்துத் தொடர்ந்து பேசியதே பெரும்பங்கு ஆற்றியிருக்கும் என்பது என் எண்ணம். தீக்‌ஷாவில் 2020 முதல் நடந்துவரும் நிஷ்டா என்னும் ஆசிரியர் பயிற்சிகளில் பொருள் இருக்கிறது. ஆனால் வீடியோவைப் பார்த்து, வினாக்களுக்கு விடையளித்துச் சான்றிதழ் பெற்றபின், உங்கள் ஏழாம் வகுப்பைப் பற்றி அங்கே யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை.

மறுமொழி 3: இடைநிலை ஆசிரியர்

டெலிகிராம் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அங்கே புதிதாகச் சேர்பவர் பழைய உரையாடல்களையும் படிக்கும்படி அமைக்கலாம், தலைப்புவாரியாகவும் பிரிக்கலாம். இவை உண்மையான வசதிகள். ஆனாலும் என் கருத்தில் மாற வேண்டாம். புதிய செயலியை நிறுவச் சொன்னாலே மூத்த ஆசிரியர்கள் சிலர் விலகிவிடுகிறார்கள், முழுக்களை இருபது ஆண்டுகள் நடத்தியவர்களின் பேச்சுத்தான் நமக்கு வேண்டும். வாட்ஸ்அப்பிலேயே பேசிவிட்டு, வார இறுதியில் ஒருவர் முறைவைத்து, அந்த வாரத் தவறு, அதற்கான காரணம், செய்துபார்த்த வழி ஆகியவற்றைக் கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பில் எழுதிவைத்தால் போதும். எண் கோட்டுக்கு ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருள் இருக்கிறது, தமிழிலும் இயங்கும். ஒருவர் அதில் செய்த, புள்ளியை நகர்த்திப் பார்க்கக்கூடிய எண் கோட்டினை மற்றவர்கள் நகலெடுத்துத் தம் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். 2018 முதல் வந்த நம் பாடநூல்களிலேயே அதற்கான இணைப்புகள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மறுமொழி 4: தலைமை ஆசிரியர்

ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். விடைத்தாளைப் படமெடுக்கும்போது பெயர், வரிசை எண், பள்ளியின் பெயர் ஆகியவை தெரியாதபடி மடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் முகம் எந்தப் படத்திலும் வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த அனைவரையும் குழந்தைகளாகவே கருதி, அவர்கள் தரவுகளுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தன் தவறு ஊர் முழுக்கச் சுற்றுவதை எந்தப் பிள்ளையும் விரும்பாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் ஏழாம் வகுப்பு ஆசிரியர்களிடம் நேரில் பேசி, சிறு குழுவைத் தொடங்குகிறேன். முதல் வாரத்துக்கு −3 − 5 விடைத்தாள்களையே, 8 ஒன்றும் −2 ஒன்றுமாக, பெயரை மறைத்துப் பகிர இருக்கிறேன். பயிற்றுநர் அம்மா, உங்களையும் அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாமா? அதிகாரி ஒருவர் இருக்கிறார் என்று ஆசிரியர்கள் தயங்குவார்களோ என்ற ஒரே யோசனைதான் எனக்கு.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

முதல் இரண்டு மாதங்கள் நான் இல்லாமலே நடக்கட்டும் சார். பேசப் பழகியபின் அவர்களே அழைத்தால் வருகிறேன். அதற்குள் கூகுள் டாக்ஸ் கோப்பை மட்டும் எனக்கு அனுப்பிவையுங்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் அது பயன்படும்.